கீழ்ப்படுக்கைகள் காலி

ஜூன் 4, புதன்

இரவு முழுக்கக் கால் நீட்டிப் படுத்துப் போவதற்கு, உட்கார்ந்து போவதைவிட எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பீர்கள்?

கேள்வித்தாளில் இது பதினான்காவது கேள்வி. நான் எழுதியதுதான். இன்று பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு நானே ஒரு தாளை எடுத்து நிரப்பிப் பார்த்தேன். பதின்மூன்று வரை வேகமாகப் போனது. பிறகு பேனா நின்றுவிட்டது. மலேசிய வெள்ளியில் பத்தா, ஐம்பதா? எனக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியாததை நானூறு பேரிடம் கேட்கப் போகிறோம். சம்பளம் வாங்கிக்கொண்டு.

இந்த ஆய்வைக் கேட்டிருப்பது ஒரு தனியார் நிறுவனம். கோலாலம்பூரிலிருந்து கோத்தா பாரு பக்கமாகத் தும்பாட் போகும் இரவு ரயிலில் படுக்கைப் பெட்டிகள் நடத்துகிறார்கள். உட்காரும் இருக்கை முப்பத்தொன்பது வெள்ளி, மேல்படுக்கை ஐம்பத்தெட்டு, கீழ்ப்படுக்கை எண்பத்து நாலு. படுக்கைகளைக் கழற்றிவிட்டு முழுக்க இருக்கைகளாகப் போட்டுவிடலாமா என்று யோசனை. வசதி எப்படி, கொடுத்த காசுக்குத் தகுமா என்று பயணிகளிடம் கேட்டு, ஜூலை முடிவதற்குள் நான் அறிக்கை தர வேண்டும். அவர்கள் தரப்பில் பொறுப்பு சுகுமாறன் என்கிற மேலாளர். லிஃப்ட் வரை கூடவே வந்தார். "டாக்டர், நூறு பக்கம் வேணாம். பெட்டா, சீட்டா? அவ்ளோதான் லா."

ஜூன் 27, வெள்ளி

412 படிவங்கள். வசதிக்குச் சராசரி ஐந்துக்கு 4.6. படுக்கை இல்லாவிட்டால் இருக்கையில் போவீர்களா? நூற்றுக்கு எண்பத்தொருவர் ஆம். ஒருவருக்கும் குளிரவில்லை, முதுகு வலிக்கவில்லை, கழிவறை நாறவில்லை. 

நான் நம்பவில்லை. நானே ஒருமுறை போய்வருகிறேன் என்றேன். சுகுமாறன் அலுவலகமே டிக்கெட் எடுத்துத் தருகிறது.

ஜூலை 7, திங்கள். கோத்தா பாரு

நேற்று இரவு எட்டரைக்கு கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் ஏறினேன். மேல்படுக்கைதான் வேண்டும் என்று கேட்டிருந்தேன். செங்குத்தான ஏணி. மேலே போனபின் நிமிர்ந்து உட்கார முடியாது, கூரை தலையில் இடிக்கிறது. ஜன்னல் கிடையாது. குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. போர்வையில் சரியாகக் காயாத துணியின் வாடை. கீழே அகலமான மெத்தை, ஜன்னல், கால் தரையில் படும் உயரம். இருபத்தாறு வெள்ளி வித்தியாசம் எதற்கென்று உடம்புக்குப் புரிந்துவிட்டது.

சிரம்பான் தாண்டி டிக்கெட் பரிசோதகர் வந்து போனார். அதற்குப் பிறகு நடந்ததை எழுதி வைக்கிறேன். பெட்டிப் பணியாளர் (சட்டையில் யுகேந்திரன் என்று பெயர், நாற்பது வயதிருக்கும்) நடைவழியில் வந்தார். மேல்படுக்கை டிக்கெட்டோடு கீழே ஓரமாக உட்கார்ந்திருந்த வயதானவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"ஆன்டி, ஏறாதீங்க. பதினொண்ணு காலி."

"அங்கிள், உங்க பழைய எடமே இருக்கு, வாங்க. கொறட்ட மட்டும் மெதுவா விடுங்க."

ஒரு மலாய்க்காரப் பாட்டிக்குத் தலையணையைத் தட்டிக் கொடுத்தார். விற்காத கீழ்ப்படுக்கைகள் எல்லாம் நிரம்பின. மேலேயிருந்து எண்ணினேன். இருபதில் பதினெட்டில் ஆள். யாராவது அவர் கையில் காசு வைக்கிறார்களா என்று காலை வரை கவனித்தேன். யாரும் வைக்கவில்லை.

பதினொன்றில் படுத்தவர் வீரம்மா. காலையில் பிளாஸ்கிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றினார். அறுபத்து மூன்று வயது. கிள்ளானில் ஒரு பள்ளிக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். மகன் கோத்தா பாரு பக்கத்துச் சிறையில் இருக்கிறான், இன்னும் நான்கு வருடம். மாதத்தின் முதல் ஞாயிறு ரயில் ஏறி, திங்கள் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

"பஸ்ல ஒரு தடவ போனேன் மேடம். ஒம்பது மணி நேரம். முதுகுல ரெண்டு எலும்பு ஒட்டிக்கிச்சு, உக்காந்தா கால் செத்துடும். எறங்கி நிக்க முடியல. ஸ்டேஷன்லயே விழுந்து கெடந்தேன். நேரம் முடிஞ்சு போச்சு, அவன பாக்காமலே திரும்பிட்டேன்."

"அப்புறம் ஏன் மேல்படுக்கை டிக்கெட் வாங்கறீங்க அக்கா? ஏற முடியுமா?"

"மேல டிக்கெட் வாங்கறதே கீழ படுக்கத்தானே." சிரித்தார். "நீங்க எதுக்கு மேல போய்த் தொங்கிக்கிட்டு இருந்தீங்க? தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடம் குடுத்திருக்கும்."

பிறகு படிவம் நிரப்பினார். எல்லாவற்றுக்கும் ஐந்து. இருக்கையில் போவீர்களா என்பதற்கு ஆம். படிவம் நிரப்புகிறவர்களுக்குத் தரும் பத்து வெள்ளி வவுச்சருக்கு அடையாள அட்டை எண் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"உக்காந்து போக முடியாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அதெல்லாம் எழுதுனா, எப்படிப் படுத்தேன்னு கேப்பாங்க. தம்பியக் கூப்பிட்டு வெச்சுக் கேப்பாங்க. நல்லா இருக்குன்னே எழுதிக்கிறேன் மேடம். யாருக்கும் தொல்ல இல்ல."

ஜூலை 11, வெள்ளி

விற்பனைப் புள்ளிவிவரம் வந்தது. மூன்று மாதங்களில் கீழ்ப்படுக்கைகள் விற்றது நூற்றுக்கு முப்பத்து நாலு.

இதையும் படிவங்களையும் சேர்த்து வைத்தால் ஒரே ஒரு முடிவுதான் வரும். கீழ்ப்படுக்கையை யாரும் விரும்பவில்லை, இருக்கையே போதும். நான் கண்ணால் பார்த்ததோ நேர்மாறு. படுக்கை உண்மையில் நிரம்பி வழிகிறது, கணக்கில் மட்டும் காலி. அதை நிரப்புகிற மனிதர்தான் அதைக் காலியாகவும் காட்டுகிறார். அவரைக் காட்டிக்கொடுக்காமல் இந்தக் கணக்கைத் திருத்த வழியில்லை. திருத்தாவிட்டால் படுக்கைகள் போய்விடும், வீரம்மா மகனைப் பார்க்கப் போக முடியாது.

ஜூலை 13, ஞாயிறு

கிள்ளானுக்குப் போனேன். படிவத்தில் இருந்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுவிட்டுத்தான் போனேன். வீரம்மா வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார். அவர் மட்டும் பாயில் படுத்தபடியே பேசினார்.

விஷயத்தைச் சொன்னேன். படுக்கையே இல்லாமல் போகலாம் என்றேன். உண்மையான பதிலைக் கொடுங்கள், மாற்றி எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"எழுதுனது எழுதுனதுதான் மேடம். அந்தத் தம்பிக்கு மூணு புள்ளைங்க."

"அவர் பெயர் வராது. நான் பார்த்துக்கொள்கிறேன்."

"நீங்க படிச்சவங்க. பேர் போடாம எழுதுவீங்க. அவங்களும் படிச்சவங்கதானே, கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

"படுக்கையை எடுத்துட்டா என்ன செய்வீங்க?"

கையை ஊன்றி மறுபக்கம் திரும்பிப் படுத்தார். "அது வர்றப்ப பாத்துக்கலாம். நீங்க ஒண்ணும் எழுதிடாதீங்க. சரியா?"

நான் சரி என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேனா? நினைவில்லை. இல்லை, நினைவிருக்கிறது. ஆட்டினேன்.

ஜூலை 18, வெள்ளி

சுகுமாறன் அழைத்தார். இருக்கைகளுக்கு விலை கேட்டு அனுப்பியாயிற்றாம். "நம்பர் க்ளியரா இருக்கு டாக்டர். உங்க ரிப்போர்ட் வந்தா பெட்டக் கழட்டிடுவோம்."

ஜூலை 21, திங்கள்

எழுதிவிட்டேன். நான்காம் அத்தியாயம், ஆறாவது பத்தி, ஒன்பது வரிகள். "ஒரு பயணத்தில் நேரில் கண்டபடி, கீழ்ப்படுக்கைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பயன்பாட்டில் இருந்தன. மேல்படுக்கைப் பயணச்சீட்டு வைத்திருந்த முதியவர்கள், பரிசோதனைக்குப் பிறகு, விற்காத கீழ்ப்படுக்கைகளுக்கு மாற்றப்படுகிறார்கள். ஆகவே விற்பனைப் புள்ளிவிவரம் உண்மையான தேவையைக் காட்டவில்லை." முதியவர்களுக்கு மேல்படுக்கை விலையிலேயே கீழ்ப்படுக்கை தரலாம் என்று பரிந்துரையும் செய்தேன். தேதி இல்லை, பெட்டி எண் இல்லை, பெயர் இல்லை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலை. ஒருவரின் அடையாளத்தை மறைக்க எனக்குத் தெரியும்.

நான் பார்த்த ஒன்றை மறைத்து அறிக்கை எழுதினால் நான் யார்? இப்படிக் கேட்டுக்கொண்டதும் சுலபமாகிவிட்டது. அதுவே சந்தேகத்துக்குரியதுதான்.

ஜூலை 24, வியாழன்

அனுப்பிவிட்டேன்.

ஜூலை 30, புதன்

படுக்கைகள் இருக்கின்றன. கழற்றவில்லை. சுகுமாறன் மகிழ்ச்சியாகப் பேசினார். மொத்த அறிக்கையிலும் உபயோகமான பக்கம் அந்த ஒரு பத்திதானாம். "இவ்ளோ நாளா ஓசியில போயிருக்காங்க டாக்டர். எங்களுக்குத் தெரியவே தெரியாது." 

நாளை மறுநாளிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் டேப்லட் வைத்துப் படுக்கையையும் டிக்கெட்டையும் சரிபார்ப்பார்கள். விற்காத படுக்கைகள் மடித்துப் பூட்டப்படும். முதியவர்கள் பற்றிய பரிந்துரை? "அது அடுத்த வருஷம் பாப்போம் லா."

பணியாளர்கள் மேல் நடவடிக்கை எதுவும் இருக்காதே என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"ஒருத்தன்தான். நேத்தே வேலைய விட்டு அனுப்பியாச்சு."

எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார். "நீங்க போன டிக்கெட் எங்க அக்கவுன்ட்தானே டாக்டர். ஜூலை ஆறு, கோச் மூணு. ட்யூட்டி லிஸ்ட்ல பாத்தோம்."

டிக்கெட். அவர்கள் எடுத்துத் தந்த டிக்கெட். தேதியை மறைத்தேன், பெட்டியை மறைத்தேன். எந்த மாணவியாவது இப்படிச் செய்திருந்தால் ஆய்வையே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சுகுமாறனை மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை எடுத்தார். யுகேந்திரன் காசு வாங்கவில்லை, நான் இரவு முழுக்கப் பார்த்தேன் என்றேன். "வாங்கலன்னா இன்னும் மோசம் டாக்டர். கம்பெனி சாமான எடுத்து தர்மம் பண்ணியிருக்கான்."

பேசிக்கொண்டே போனார். என்னத்த சொல்றது? நான்தானே எழுதினேன். தலைய ஆட்டிட்டு வந்து எழுதினேன். அந்த அம்மா அத்தன தெளிவா சொன்னாங்க, அவங்களும் படிச்சவங்கதானேன்னு. எனக்கு ஏன் உறைக்கல? முனைவர் பட்டம் எதுக்கு?

யுகேந்திரனின் எண் என்னிடம் இல்லை. கிடைத்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்று தெரியாது.

ஆகஸ்ட் 2, சனி

நாளை முதல் ஞாயிறு. ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்யலாம். வீரம்மா பெயரில் போக வரக் கீழ்ப்படுக்கை டிக்கெட் எடுத்துவிட்டேன். பதினொன்றே கிடைத்தது. வாங்க அடையாள அட்டை எண் கேட்டது. வவுச்சர் பட்டியலில் அவர் எழுதியதைப் பார்த்துப் போட்டேன். செய்யக் கூடாதது. ஆய்வுக்கு வாங்கிய விவரத்தை வேறெதற்கும் தொடக் கூடாது என்று நான்தான் எல்லோருக்கும் வகுப்பு எடுக்கிறேன்.

நாளை ஏழரைக்கே சென்ட்ரல் போய்க் காத்திருப்பேன். டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். முதலில் கோபப்படுவார். பிறகு வாங்கிக்கொள்வார், முதுகுக்காகவாவது. இனி ஒவ்வொரு மாதமும் நானே எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒரு தீர்வு என்று சொல்லலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீரம்மா எட்டு மணிக்கு வந்தார். தோளில் பை, கையில் பிளாஸ்க். என்னைப் பார்த்ததும் நின்றார். ஆச்சரியப்படவில்லை.

"அக்கா, உங்களுக்குக் கீழ்ப்படுக்கை எடுத்திருக்கேன். போக வர." தாளை நீட்டினேன். மன்னிப்புக்காக வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த வாக்கியம் வரவில்லை.

"எவ்ளோ?"

"அது பரவாயில்லை."

"எவ்ளோ மேடம்?"

"ஒரு வழிக்கு எண்பத்து நாலு."

"ம்." தாளை வாங்காமல் குனிந்து படித்தார். "என் ஐ.சி. நம்பர் எல்லாம் சரியா இருக்கு."

அடையாள அட்டை எண் தெரியாதபடி தாளை மடித்தேன். அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"தம்பி இப்ப ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒரு பேக்டரியில லோரிக்குச் சாமான் ஏத்துதாம். அதுக்கும் முதுகு போயிடும்னு சொல்லிச் சிரிக்கிது. நீங்க பேசினீங்களா?"

"இல்லை."

"பேசியிருக்க மாட்டீங்க."

"அக்கா, ப்ளீஸ். பன்னிரண்டு மணி நேரம் உட்கார முடியாது. உங்க முதுகு..."

"முதுகு என்னோடது லா, மேடம்." சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. பையிலிருந்து தன் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். முப்பத்தொன்பது வெள்ளி, இருக்கை. "இத வாங்கிக்கிட்டுப் படுத்தேன்னா, அந்தத் தம்பி மொகத்துல எப்படி முழிப்பேன்? நீங்க எடுத்தது, நீங்களே படுத்துட்டுப் போங்க."

கதவைத் திறந்தார்கள். வரிசை நகர்ந்தது. மின்படிக்கட்டில் இறங்கும்போது ஒரு கையால் பிடியையும் மற்றதால் இடுப்பையும் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

கவுன்டரில் டிக்கெட்டைத் திருப்பித் தரப் பார்த்தேன். கடைசி நேரத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றால், பெயர் மாற்ற முடியாது. புறப்படும் நேரம் எட்டு முப்பத்தைந்து. ரயில் எட்டு முப்பத்தெட்டுக்குக் கிளம்பியது. பதினோராம் படுக்கை விற்றதாகக் கணக்கில் ஏறியிருக்கும். அதை விரித்து வைத்திருப்பார்கள், விற்றதால் பூட்ட மாட்டார்கள். வீரம்மா அதற்கு இரண்டு பெட்டி தள்ளி உட்கார்ந்து போகிறார்.