பெயர் மாறிய தாள்

தை மாதம், வியாழக்கிழமை.

போன புயலுக்குப் பிறகு பெரிய டாக்டர் ஒரு தாள் எழுதி ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினார். ஆபத்துக் காலத்தில் யார் தலைமை, யாரை முதலில் கவனிப்பது என்று யார் சொல்வது, மருந்தறைச் சாவி யாரிடம் என்றெல்லாம் அதில் இருக்கும். தலைமை என்ற இடத்தில் இத்தனை நாளும் அவர் பெயர்தான். இன்று காலை அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

"திருக்காட்டுப்பள்ளியில ஒரு கல்யாணம். நீங்க பாத்துக்கங்க டாக்டரம்மா" என்றார். நம்பினேன்.

மதியம் டிராக்டர் பெட்டியில் ஒன்பது பேரைக் கொண்டுவந்தார்கள். அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டவர்களை மிராசுதார் ஆட்கள் களத்திலேயே அடித்திருக்கிறார்கள். தாளில் இருந்தபடியே எல்லோரும் வேலை செய்தோம். யாரும் சாகவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கை கழுவும்போது நர்ஸ் செல்வமணியிடம், "இத்தனை கட்டுத்துணி எப்படி தயாரா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பெரிய டாக்டர்தான் நேத்துச் சாயங்காலமே வெட்டி வைக்கச் சொன்னாங்க. பத்துக் கட்டிலையும் காலி பண்ணச் சொன்னாங்க."

நேற்று மத்தியானம்தான் மிராசுதார் வீட்டுக் கார் வந்து அவரை அழைத்துப் போனது. வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் என்றார்கள்.

போலீசுக்குத் தர வேண்டிய காயச் சான்றிதழ் ஒன்பதும் என் மேசையில் கிடக்கின்றன. தலைமை நான் என்றால் கையெழுத்தும் நான்தான் போட வேண்டும். இதற்காகத்தான் பெயரை மாற்றினாரா? போட்டுவிடுகிறேன், அதில் எனக்குப் பயமில்லை. ஆனால் கட்டுத்துணி வெட்டச் சொன்ன அந்த வாய், நாளைக்குக் களத்துக்குப் போகாதீங்க என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.