முப்பத்தொரு நோட்டிலும் மூன்று மூட்டை நெல்

5.2.1968, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்குக் குடும்ப வரவு செலவுப் பாடம் ஆரம்பித்தேன். புத்தகத்துக் குடும்பம் மாதம் தவறாமல் மிச்சம் பிடிக்கிறது. உத்தனப்பள்ளியில் யார் வீட்டில் அப்படி? அவரவர் வீட்டுக் கணக்கையே எழுதி வரச் சொல்லிவிட்டேன்.

7.2.1968

முப்பத்தொரு நோட்டிலும் ஒரே கணக்கு! மூன்று மூட்டை நெல், இரண்டு மூட்டை ராகி, கையிருப்பு ஒன்றுமில்லை. பஸ் கண்டக்டர் மகன் வீட்டில்கூட மூன்று மூட்டை விளைந்திருக்கிறது. என்னை என்ன மடச்சி என்று நினைத்தார்களா? ஒருத்தி எழுதி மற்றவர்கள் காப்பியடித்திருக்கிறார்கள். கணக்கில் முதலாவது முனிலட்சுமிதான். கேட்டால், "நான் யாருக்கும் காட்டல டீச்சர்" என்கிறாள். நம்பவில்லை. வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன்.

9.2.1968

முனிலட்சுமி இரண்டு நாளாக வரவில்லை. வீட்டுக்கார வெங்கடம்மாளும் முகம் கொடுக்கவில்லை. மாதாமாதம் எனக்கு ரேஷனுக்கு வெளியே ரகசியமாக அரிசி அளப்பவள், "இந்த மாசம் இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது. நான் என்னதான் செய்தேன்?

10.2.1968

முனிலட்சுமி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கரியப்பன் உட்காரச் சொல்லவில்லை.

"லெவி ஆபீசருக்குத் துப்புக் குடுக்கத்தான கணக்குக் கேட்டீங்க? எங்க நெல்லு எவ்ளோன்னு தெரிஞ்சா சர்க்காருக்கு அள்ளிக்கிட்டுப் போக வண்டி வந்து நிக்கும். அதான் ஊரு கூடி, எல்லாரும் ஒரே மாதிரி எழுதுங்கன்னோம். இவதான் பொய் எழுதமாட்டேன்னு அழுதா. ரெண்டு வெச்சேன், எழுதினா. அதுக்கு நீங்க வெளிய நிக்க வெச்சீங்க. போதும் டீச்சர், இனிமே அவ வரமாட்டா."

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். ஊரு என்னைச் சந்தேகப்பட்டா, நான் அந்தப் புள்ளைய—

12.2.1968

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து அந்தப் பக்கங்களைக் கிழிக்கச் சொன்னேன். கரும்பலகையில் என் கணக்கை எழுதினேன்: சம்பளம், வாடகை, அம்மாவுக்கு அனுப்புவது, ரேஷன் அரிசி, கோயில் காணிக்கை பதினொரு ரூபாய். "வீட்டில் காட்டுங்கள். தப்பிருந்தால் கண்டுபிடியுங்கள்" என்றேன். முனிலட்சுமிக்கும் ஒரு பிரதி கொடுத்தனுப்பினேன்.

14.2.1968

வரவில்லை.

19.2.1968

முனிலட்சுமி வந்துவிட்டாள்! கரியப்பனே வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவள் நோட்டில் எழுதியிருந்தது: "டீச்சர் கணக்கில் காணிக்கை பதினொரு ரூபாய் உதைக்கிறது. ரேஷன் அரிசி மாதம் முழுக்கக் காணாது. மீதி அரிசி யாரிடம் வாங்கினீர்கள்?"

"அப்பா பாத்துட்டு, டீச்சரும் நம்மாளுதான்னு சிரிச்சாரு" என்றாள்.

சிவப்பு மையில் முழு மதிப்பெண் போட்டேன். வெங்கடம்மாள் பெயரை எழுதத்தான் கை வரவில்லை.