சுவாமி என்ற சொல்

14 அக்டோபர், செவ்வாய்

நாளை மறுநாள் குடியுரிமை நேர்காணல். இந்த நாட்டின் உறுதிமொழியான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் தலைகீழாக ஒப்பிப்பேன். தேசிய கீதம் நெகாராகூ பாடச் சொன்னால் மூன்றாவது வரியில்கூடத் தடுமாற மாட்டேன். இன்று மதியம் சறுக்கியது மிகச் சாதாரணமான ஒரு கேள்வியில்.

பிரிக்பீல்ட்ஸ் தையல் கடையில் தீபாவளி பிளவுஸ்கள் மலையாகக் கிடக்கின்றன. பக்கத்து மெஷின் கமலா அக்கா, அதிகாரி மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு மலாயில் கேட்டார்: எதற்கு உங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை?

"சுவாமி சாயா ஓராங் சினி" என்றேன், யோசிக்காமல். என் கணவர் இந்த ஊர்க்காரர். தமிழ்நாட்டிலிருந்து வந்த நாள்முதல் எல்லா கவுன்டரிலும் சொன்ன பதில். மலாயில் கணவனுக்கு சுவாமி என்று யார் பெயர் வைத்தார்களோ.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "டிவோர்ஸ் ஆகி மூணு வருசமாச்சு. இன்டர்வியூக்கும் அந்தாளையே கூட்டிட்டுப் போகப் போறியா? விடு லா."

"வாய் பழகிப்போச்சுக்கா."

எனக்குக் கோபம் அந்த ஆள் மேல்கூட இல்லை, என் வாய்மேல்தான். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவள் நான். மகளின் பள்ளிக்கூட ஃபாரங்களில் கையெழுத்துப் போடுகிறவளும் நான். இதில் அவருக்கு என்ன வேலை?

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை இங்கே எழுதிப் பார்த்தேன். முதல் சொல்லை மட்டும் அடித்தேன். மலாயில் 'என்' என்றாலும் 'நான்' என்றாலும் சாயாதான்; வேறு எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

சாயா ஓராங் சினி. நான் இந்த ஊர்க்காரி.