பார்வதி அக்கா ஊற்றிய தண்ணீர்

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.

அன்புள்ள என்னவருக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தை வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாரா?

நீங்கள் தொட்டியில் வைத்துக் கொடுத்த கெய்லார்டியா பூச்செடி செத்துவிட்டது. பதற வேண்டாம், சிரிக்க வேண்டிய கதைதான். நம் அருப்புக்கோட்டை வெயிலிலேயே சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்த செடி அல்லவா? பத்து நாள் பயிற்சிக்குக் காரைக்கால் போனபோது, வாரத்துக்கு ஒரு குவளை தண்ணீர் போதும் என்று வீட்டுக்காரப் பார்வதி அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு மனம் கேட்கவில்லை. மீன் கழுவிய தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றியிருக்கிறார். திரும்பி வந்தபோது செடி வேர் அழுகிச் சாய்ந்து கிடந்தது.

"பச்சப்புள்ள மாதிரி பாத்துக்கிட்டேன் டீச்சர். எப்படி செத்துச்சு?" என்று கண் கலங்கினார்.

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வெயில் ஜாஸ்திக்கா" என்றேன்.

"அதானே பாத்தேன்! அடுத்த செடிக்கு மூணு வேளையும் ஊத்திடறேன். நீ கவலப்படாத டீச்சர்!"

தண்ணீர் இல்லாமலே இருந்துகொள்ளும் செடி என்றீர்கள். நானும் அந்த ரகம் என்றுதான் நினைத்திருந்தேன். வெறும் தொட்டியைப் பார்க்க என்னவோ போல் இருக்கிறது.

வரும்போது என் பழைய போர்வையை எடுத்து வாருங்கள். புது விதையைத் தபாலில் அனுப்பாதீர்கள், கையோடு கொண்டு வாருங்கள். தண்ணீர் வேண்டாம் என்று அக்காவிடம் பக்குவமாகச் சொல்ல உங்களால்தான் முடியும். பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

சரிதா