பதிமூன்றாவது ஊசி

சாம்பியன் ரீப்ஸ்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள ஏசுபாதத்துக்கு,

ரத்தினம் எழுதுகிறேன். ஜெய் பீம். ஜபல்பூரில் மகன் வீட்டில் நீயும் தங்கச்சி ஜெனிட்டாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். எல்லாரும் வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை இது, நிஜமான சுகம். இன்று காலை வீட்டிலிருந்து சாம்பியன் ஸ்டேஷன் வரை நடந்து போய், நடந்தே திரும்பினேன். நடுவில் ஓரிடத்திலும் உட்காரவில்லை. வந்த வேகத்தில் காகிதத்தை எடுத்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் ஜெனிட்டா போனில் பேசியதை சங்கமித்ரா என்னிடம் சொன்னாள். நான் இடுப்பு வலியில் படுத்துவிட்டதைக் கேள்விப்பட்டு, அது அந்தப் பழைய அடியால் வந்ததா என்று நீ கேட்கச் சொன்னாயாம். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு போனை மட்டும் கையில் வாங்க மாட்டேன் என்றாயாம். இருபத்தேழு வருஷமாக இதே பிடிவாதம். என் மகள் மாயாவின் கல்யாணத்துக்குக்கூட நீ வரவில்லை. போனில் அகப்படாதவனைக் கடிதத்தில் பிடிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

முதலில் வலியைச் சொல்கிறேன். சயாட்டிகா என்று பெயர். இடுப்புக்குக் கீழே பிடித்து, தொடை, கெண்டைக்கால், சுண்டுவிரல் வரை சுரீர் சுரீர் என்று இழுக்கும். ரேஷன் கடைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் உட்கார வேண்டும். சங்கமித்ரா பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவாள். தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் ஷிப்டாக டிரில் மெஷின் சுமந்தவனுக்குப் பெண்டாட்டி ஸ்டூல் சுமக்கிறாள் என்று லைன் வீடுகளே வேடிக்கை பார்த்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு.

மாத்திரை, பெல்ட், பிசியோதெரபி எல்லாம் ஆயிற்று. கடைசியில் மாயா என்னை ராபர்ட்சன்பேட்டையில் அக்குபங்சர் செய்யும் டாக்டர் சுனிதாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மா அளந்துதான் பேசினார். சிலருக்கு இது கேட்கும், சிலருக்குக் கேட்காது, காலில் பலம் குறைந்தால் ஊசியை நம்பி உட்காராமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார். உன் கேள்வியை நான் கேட்டேன். சுரங்கத்தில் பட்ட அடியால் வந்ததா என்று. ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பழைய முறிவு வேறு இடமாம், நன்றாகக் கூடியிருக்கிறதாம். இது வயசுத் தேய்மானம், நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்திய வாத்தியாருக்கும் வரும் என்றார். கேட்டுக்கொண்டாயா?

ஊசி தலைமுடி கனம்தான் இருக்கும். நான்கு தடவை போட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஊசி போட்டு ஆறுகிற வலியா இது என்று நானே கிண்டல் செய்தேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு கால் நீட்டித் தூங்கினேன். இன்றைக்குப் பத்தில் ஏழு பங்கு போய்விட்டது. மிச்சம் மூன்று இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். குனிந்தால் அது வந்து வணக்கம் சொல்லும்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை எட்டாவது தடவை. குப்புறப் படுத்திருந்தேன். நம் பழக்கம் நம்மை விடுமா? வெடி வைத்த துளை எத்தனையோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் யாரும் உள்ளே போகக் கூடாது. அதற்காக ஒரு சத்தத்துக்கு ஒரு கல் என்று இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவோமே, அதே மாதிரி நான் ஊசி குத்தக் குத்த விரலை மடக்கி எண்ணினேன். பதிமூன்று. எடுக்கும்போது தட்டில் விழுகிற சத்தத்தை எண்ணினேன். பன்னிரண்டு.

முடிந்தது, எழுந்திருங்கள் என்றார் டாக்டர். நான் அசையவில்லை. "டாக்டரம்மா, பதிமூணு வெச்சீங்க, பன்னெண்டுதான் வந்துகீது. ஒண்ணு உள்ளயே நிக்குது. யாரும் கிட்ட வராதீங்க" என்றேன். நர்ஸ் டார்ச் அடித்து முதுகெல்லாம் தேடினாள். படுக்கை விரிப்பை உதறினார்கள். வெளியில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். சங்கமித்ரா உள்ளே வந்து, "இன்னாங்க, வெடிச்சிடுமா?" என்று கேட்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. ஒவ்வொரு ஊசியும் தனித்தனிக் காகித உறையில் வரும். கிழித்த உறைகளைப் பொறுக்கி என் கண் முன்னால் வரிசையாக அடுக்கினார். பன்னிரண்டுதான். முழங்காலுக்குப் பின்னால் போட்ட ஊசியை அவர் இன்னொரு தடவை திருகியிருக்கிறார். நான் அதைப் புது ஊசி என்று எண்ணிவிட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏசுபாதம். உன் ஞாபகம்தான் வந்தது.

எனக்கு அடிபட்ட அன்றைக்குப் பதினோரு துளை. வெடித்தது பத்து. எதிரொலி ஒன்றை நீ சேர்த்துப் பதினொன்று என்றாய், நாம் உள்ளே போனோம். வெடிக்காமல் நின்றது என் டிரில் கம்பி பட்டு வெடித்தது. ஆஸ்பத்திரியில் நீ ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் ஓரம் நின்றாய். நான் உன் முகத்தைப் பார்த்து, "நான் எண்ணியிருந்தா இது நடந்திருக்காதுடா" என்றேன். நீ பாக்கெட்டிலிருந்த கல்லை எல்லாம் ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனாய். சுரங்கத்துக்கு வெளியே, தரைமேல் வேலைக்கு மாற்றிக்கொண்டாய். சுரங்கம் மூடியதும் ஊரையே விட்டுப் போனாய். அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி எடுக்க எனக்கு இத்தனை வருஷம் வாய் வரவில்லை.

இப்போது நானும் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஃபேன் காற்றில், மெத்தையில், பட்டப்பகலில் எண்ணியே தப்பாகிவிட்டது. நீ எண்ணியது தூசியிலும் இருட்டிலும், காது அடைத்துப்போன நிலையில். அன்றைக்கு நான் எண்ணியிருந்தாலும் பதினொன்று என்றுதான் சொல்லியிருப்பேன். நான் சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடு.

காலையில் ஸ்டேஷனுக்கு ஏன் போனேன் என்று சங்கமித்ராவுக்கு இன்னும் புரியவில்லை. ஸ்டூலைத் தூக்கி வந்தவள் அங்கே அவளே அதில் உட்கார்ந்துவிட்டாள். நான் பிளாட்பாரம் வரை நடக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் போனேன். முடிகிறது.

உன் கர்த்தர் உனக்கும் ஜெனிட்டாவுக்கும் நல்ல உடம்பைத் தரட்டும். எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது. அந்த வண்டி எவ்வளவு நேரம் தாமதமானாலும் சரி, நான் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே இருப்பேன். உட்கார மாட்டேன்.

உன் ஷிப்ட் கூட்டாளி,
ரத்தினம்