எப்படித் திருப்பினாலும் இறங்கும் சிப்

செவ்வாய். மழை விட்டுவிட்டு.

மன்னியுங்கோ, இன்றைக்கும் நேரம் சென்றுதான் எழுதுகிறேன். நம் மகள் சின்னவளுக்குச் சளி, இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நீங்கள் கொழும்பிலிருந்து வரும்போது படிக்கவென்று நான் தொடங்கிய கொப்பி. இந்தப் பக்கத்தைக் காட்டுவேனோ தெரியாது.

நான் வேலை செய்யும் கொம்பியூட்டர் கடையில் ஒரு வாத்தியாரின் பழைய 486 மெஷின். வேகம் காணாதென்று டிஎக்ஸ் 4 சிப் கேட்டிருந்தார். நேற்று ரயில் ஸ்டேஷனில் பார்சல் எடுத்து வீட்டில் வைத்து, காலையில் கொண்டுபோனேன். ராணுவச் செக்பொயின்றில் ஆமிப் பொடியன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். கொம்பியூட்டரின் மூளை என்றேன். சிரித்தான். சிப்பின் ஊசிகளில் விரல் படாமல் மூடித் தந்தான். கடைக்குத் தூக்கிப்போகும் சின்னவளின் பால் போத்தல் விழ, அதையும் எடுத்துத் துடைத்துத் தந்தான்.

மத்தியானம் நானே பூட்டினேன். கொஞ்ச நாளாகப் பென்டியம்தான் கைப்பழக்கம். அதில் ஒரு மூலை வித்தியாசம். பிழையாக வைத்தால் இறங்காது. இறங்கினால் சரி. இந்தப் பழைய 486 போர்ட்டில் அந்தக் காவல் இல்லை. நாலு பக்கமும் ஒன்றுபோல, எப்படித் திருப்பினாலும் இறங்கும். சிப்பின் மூலையிலுள்ள புள்ளியைப் பார்த்து வைக்கவேண்டும். பார்க்கவில்லை. சுவிட்ச் போட்டதும் கருகல் மணம். பிஎஸ்சி படித்தவள் செய்த வேலை.

முதலாளி ஹாஜியார் என்ன மணமென்று கேட்டார். வாயில் வந்தது இது: "காலமை செக்பொயின்றில ஆமிக்காரன் சிப்பைக் கழட்டி நோண்டிப் பார்த்தவன்."

உடனே நம்பினார். தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார். குடித்தேன்.

புதன். பனி.

பால்மா. சளி மருந்து. தமிழாக்களுக்கான பொலிஸ் பதிவு புதுப்பிக்க.

செக்பொயின்றில் அதே பொடியன். சின்னவளைப் பார்த்து நாக்கை நீட்டினான், அவளும் சிரித்தாள். நான் நிலத்தைப் பார்த்தபடி கடந்தேன்.

கடையில் எல்லாரும் என் பக்கம். தமிழாக்களென்றால் இவங்களுக்கு இளக்காரம் என்றார் வாத்தியார். தலையாட்டினேன். போன வருடம் ஆமி என் தம்பியை ரோட்டில் முழங்காலில் நிறுத்தியதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நடந்ததை விழுங்கிவிட்டு நடக்காததைச் சொல்லியிருக்கிறேன்.

வியாழன். வெயில்.

ஹாஜியார் சந்தோஷமாக வந்தார். திகனயில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கெப்டன் இருக்கிறாராம்.

"அவருக்கு விஷயத்த செல்லிட்டேன் புள்ள. திங்கக்கிழம அவன வடக்குக்கு அனுப்பப் போறாங்களாம். இனி ஒங்கட சாமான்ல கை வெக்க மாட்டான்."

வடக்குக்கு. சண்டைக்கு.

பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன். புள்ளி பார்க்காதது, பொய், எல்லாம். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் இப்ப அந்தக் கெப்டன் மனிசன்ட மொகத்துல எப்பிடி முழிக்கிற? நீங்களே போய் உண்மய செல்லுங்க. ஆனா ஆமிக்காரன் மேல பொய் சொன்ன தமிழ்ப் பொம்புளயெண்டு ஒங்கள உள்ள வெச்சாங்கண்டா, எனக்கு ஒண்ணும் செய்ய ஏலாது புள்ள."

ஓம் என்றேன்.

இரவு.

பக்கத்து வீட்டு மிஸ் நாளைக் காலை ரயிலில் கொழும்பு போகிறா. இந்தப் பக்கங்களைக் கிழித்து அவவிடம் கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை கெப்டனிடம் போகிறேன். போகவேண்டாமென்று மட்டும் சொல்லாதேங்கோ. என்னைப் பிடித்து வைத்தால் சின்னவளை யாரிடம் விட? கடைக்கு டெலிபோன் கோல் எடுத்து, அதற்கொரு பதில் சனிக்கு முன்னம் கெதியாச் சொல்லுங்கோ.