செல்வி என்று கூப்பிட ஒரு டேப்

வண்டி ஓட்டும்போதே கண்ணாடியில் என்னைத் தேடிப் பார்க்கும் என் அந்தோணி மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாள் உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் என் குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள் மச்சான்.

பதறாதே. உயிரோடுதான் இருக்கிறேன். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு சின்னக் குழாய். மூச்சு அது வழியாகத்தான் போய் வருகிறது. வெளியே போகும்போது என் வீட்டுக்காரி செல்வி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுகிறாள். கண்டக்டர் வேலை போய்விட்டது. வாய் இல்லாத கண்டக்டரை யார் வைத்துக்கொள்வார்கள்?

பதினெட்டு வருஷம் நீ ஸ்டியரிங்கில், நான் பின்படியில். வில்லியனூர், அரியூர், திருவாண்டார்கோயில், மதகடிப்பட்டு என்று நான் கத்தாத நாள் உண்டா? ஒருமுறை பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி படியில் கால் நழுவித் தொங்கினாளே, நினைவிருக்கிறதா? நான் "ஏய்" என்றுதான் கத்தினேன். நிறுத்து என்றுகூடச் சொல்லவில்லை. நீ கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை, பிரேக்கை மிதித்துவிட்டாய். "எப்படிடா தெரிஞ்சுது?" என்று அப்புறம் கேட்டதற்கு, "நீ பயந்தா உன் தொண்டை வேற மாதிரி வரும்டா" என்றாய்.

அந்தத் தொண்டைதான் முதலில் கரகரத்தது. தூசி என்று நினைத்தேன். வென்னீர் குடித்தேன், மாத்திரை வாங்கிப் போட்டேன். ஐந்தாறு மாதத்தில் டிக்கெட் கேட்பதற்கே ஆட்களின் காதுக்குப் பக்கத்தில் குனிய வேண்டியதாயிற்று. அப்புறம் ஆஸ்பத்திரி, குழாய் விட்டுப் பார்த்தது, புற்றா என்று பார்க்கச் சதை எடுத்து அனுப்பியது. டாக்டர் நல்ல மனுஷன். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

"குரல்வளைய முழுசா எடுத்தாகணும். அதுக்கப்புறம் பேச முடியாது. ஆனா நீங்கதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவராச்சே, எழுதிக் காட்டலாம்."

தலையாட்டினேன். வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. எழுதிக் காட்டலாம். யாருக்கு? செல்விக்குப் படிக்கத் தெரியாதே மச்சான். கிருமாம்பாக்கத்தில் எட்டு வயசிலேயே நாற்று நடப் போனவள். இன்றைக்கும் பஸ்ஸை நிறம் பார்த்துத்தான் ஏறுகிறாள். மகள் கௌசிக்குத் தை மாதம் கல்யாணம். அவள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் இருக்கப்போவது இரண்டே பேர். ஒருத்தனுக்குப் பேச வராது, ஒருத்திக்குப் படிக்க வராது. சாவுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கொருவர் எட்டாமல், மிச்ச நாளை எப்படிக் கழிப்பது?

டாக்டர் சொன்னதைச் செல்வியிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. கௌசிதான் சொன்னாள்.

வழி கண்டுபிடித்ததும் கௌசிதான். கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஃபோனைவிடப் பெரிய திரையோடு புதிதாக வந்திருக்கும் டேப் ஒன்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். தமிழில் எழுதினால் அதைச் சத்தமாகப் படிக்குமாம். நெட் இல்லாவிட்டாலும் படிக்குமாம். "ஃபோன்லயும் வரும்பா. ஆனா உன் விரலுக்கு அந்த எழுத்து சின்னது, சத்தமும் பத்தாது. அம்மா தோட்டத்துல இருந்தா கேக்கணும் இல்ல?" என்றாள். முதலில் என் குரலையே பதிவு செய்து வைக்கலாம் என்று முயன்றோம். போட்டுக் கேட்டால் காற்று மட்டும்தான் வந்தது. அழித்துவிடச் சொன்னேன்.

திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு முந்தின வியாழக்கிழமையே மூன்று பேரும் கிளம்பினோம். வில்லியனூர்க் கடையில் வாசலில் பலூன் கட்டி, "புதுசு வந்தாச்சு" என்று ஆளுயரத்துக்குப் பலகை வைத்திருந்தார்கள். உள்ளே போய்க் கேட்டால் காட்சிக்கு வைத்திருந்தது வெறும் அட்டை. "சரக்கு அடுத்த வாரந்தாண்ணா வரும்" என்றான் கடைக்காரன். அடுத்த வாரம் நான் எங்கே இருப்பேன், எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அங்கிருந்து பாண்டிக்கு பஸ் ஏறினோம். நான் கத்திய அதே ரோட்டில், டிக்கெட் வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு போனேன்.

பாண்டிக் கடையில் நல்ல கூட்டம். காலேஜ் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பனியன் போட்ட ஒரு பெண், கௌசி வயசுதான் இருக்கும், எங்களிடம் வந்தாள். படம் எப்படித் தெரியும், விளையாட்டு எப்படி ஓடும் என்று மளமளவென்று சொன்னாள். எனக்கு மிச்சமிருந்த தொண்டையை வைத்துக்கொண்டு, "இது பேசுமாம்மா?" என்று கேட்டேன்.

"சூப்பரா பேசும் சார். நீங்க இன்னா கேட்டாலும் பதில் சொல்லும். கேட்டுப் பாருங்க."

என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "வில்லியனூர்" என்றேன்.

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்றது அது.

மறுபடி சொன்னேன். இன்னும் பலமாகச் சொல்லிப் பார்த்தேன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்ததுதான் மிச்சம். ஒரு நாளைக்கு நூறு தடவை கத்திய ஊர்ப்பேர் மச்சான். "புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்." பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

கௌசி டேப்பைக் கையில் வாங்கிக்கொண்டாள். "அப்பா அதுகிட்ட பேசறதுக்கு வர்லீங்க. அப்பாவுக்கு பதிலா அது பேசணும். திங்கக்கெழம ஆபரேசன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. எங்களை ஓரமாக ஒரு ஸ்டூலுக்குக் கூட்டிப்போனாள். வேறு யாரோ கூப்பிட்டதற்கு, "இரு, வரேன்" என்று அதட்டினாள். எழுத்தைப் பெரிதாக்கினாள், தமிழை வைத்தாள், ஆண் குரலைத் தேடி எடுத்தாள். "எழுதுங்க சார். எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல."

என்ன எழுதுவது? ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். செல்வி, கிட்ட வா. ஓரத்தில் இருந்த பொத்தானை அமுக்கினேன்.

"செல்வி, கிட்ட வா."

சுத்தமான குரல். சளியில்லை, மூச்சு வாங்கவில்லை. செய்தி வாசிக்கும் ஆள் மாதிரி. நாலடி தள்ளி நின்ற செல்வி திடுக்கிட்டு ஓடி வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை மச்சான். டேப்பைப் பார்த்தாள். "இன்னா?" என்று அதனிடமே கேட்டாள்.

அங்கேதான் எனக்கு அந்தப் பயம் வந்தது. இனி இப்படித்தான் இருக்குமோ? அவள் அதோடு பேசுவாள், அது அவளோடு பேசும். நடுவில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளாக நான் இருப்பேனோ?

வாங்கிக்கொண்டோம். வாங்காமல் என்ன செய்வது? பஸ்ஸில் வரும்போது செல்வி அந்தப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். மாதா கோயில் நிறுத்தத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். உன் சாமியைத்தான் கும்பிட்டாள்.

ஆபரேஷனைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் மூச்சு முட்டுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

கௌசி நாலு சொல்லை நாலு பெரிய பொத்தானாக வைத்துக் கொடுத்திருந்தாள். தண்ணி, வலிக்குது, பசிக்குது, செல்வி. தொட்டால் போதும், பேசிவிடும். நான் பயந்தபடியேதான் ஆயிற்று. டேப் கூப்பிட்டால் செல்வி டேப்புக்குப் பதில் சொல்லுவாள். "சோறு வேணுமா, கஞ்சி வேணுமா?" என்று அதைப் பார்த்துக் கேட்டுவிட்டு, நான் தட்டி முடிக்கும்வரை அதையே பார்த்திருப்பாள். கோபம் வந்தது. கோபத்தைக்கூட அதில்தான் தட்ட வேண்டியிருந்தது. தட்டி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும்.

ஒரு மாதம் இருக்கும். ஒரு காலை, கௌசி வேலைக்குப் போய்விட்டாள். செல்வி தோட்டத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கழுத்துத் துளையில் ஏதோ அடைத்தது. இருமினேன், வரவில்லை. மறுபடி இருமினேன். காற்று உள்ளே போகவில்லை. சளி காய்ந்து குழாயை அடைத்துக்கொண்டது. அப்படி ஆகும் என்று நர்ஸம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் தெரிந்திருப்பது வேறு, வருவது வேறு. வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். அந்த வழியாக எனக்குக் காற்றே கிடையாது என்பதுகூட அப்போது மறந்துபோயிற்று.

டேப் எதிர்ச் சுவர் ஓரத்தில் சார்ஜில் இருந்தது. எட்டடி இருக்குமா? கட்டிலிலிருந்து விழுந்து, ஊர்ந்து போனேன். கண்ணில் பூச்சி பறக்கிறது. பொத்தானை அடித்தேன்.

"செல்வி."

"வரேன் இரு" என்று தோட்டத்திலிருந்து பதில் வந்தது. பாத்திரச் சத்தம் நிற்கவில்லை.

"செல்வி." "செல்வி."

"கையெல்லாம் சோப்புங்க. வரேன்னு சொல்றேன் இல்ல?"

அவளைச் சொல்லி என்ன பயன்? அந்தக் குரல் அப்படி இருந்தது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், அது காப்பி கேட்பது மாதிரிக் கூப்பிடுகிறது. நிதானமாக, மரியாதையாக. அதற்குப் பயமே தெரியவில்லை மச்சான். உன்னைப் பிரேக் மிதிக்க வைத்த அந்த "ஏய்" எங்கே போயிற்று? நான் விரலை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தேன். செல்வி, செல்வி, செல்வி, செல்வி. எத்தனை முறை என்று தெரியாது. ஒரு கட்டத்தில் தோட்டத்தில் பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது.

ஓடி வந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது டேப்பைத்தான். அது இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தாள். "ஐயோ மாரியாத்தா" என்று ஒரு கத்து. படிக்கத் தெரியாதவள், நர்ஸம்மா ஒரே தடவை செய்து காட்டியதை அப்படியே செய்தாள். உட்குழாயைத் திருகி எடுத்தாள், துளைக்குள் உப்புத் தண்ணி மருந்தைச் சொட்டினாள், முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். கட்டியாக ஒன்று தெறித்து வந்து அவள் புடவையில் விழுந்தது. காற்று வந்தது.

ரொம்ப நேரம் தரையிலேயே கிடந்தோம். அவள் கையிலிருந்த சோப்பு என் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் அவள்தான் அழுதாள்.

"அது கூப்புட்டுதுன்னு நெனச்சிட்டேன்யா. நீ கூப்புட்டேன்னு நெனைக்கல."

நான் டேப்பை எடுக்கக் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள். "வேணாம். என்ன பாரு. பாத்துக்கினே இரு." என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த நாலு பொத்தானில் எது பேசினாலும் எங்கிருந்தாலும் வந்து முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். அப்புறம்தான் பதில். தண்ணி என்று தட்டினால், "தண்ணி இல்ல, உனக்கு வலிக்குது, மூஞ்சியே சொல்லுதே" என்கிறாள். பாதி நாள் சரியாகத்தான் சொல்கிறாள். டேப்பையும் விட்டுவிடவில்லை. அது கூப்பிடும், அவள் வந்து பார்ப்பாள். இப்போதைக்கு அப்படித்தான் எங்கள் வண்டி ஓடுகிறது.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவள் கடைக்குப் போனால் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்கிறேன். கரண்டு போனால் டேப்பில் எவ்வளவு சார்ஜ் என்று பார்க்கிறேன். தூசி பறந்தால் உள்ளே ஓடுகிறேன். கௌசியின் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. அதைப் பார்த்து அவள் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். உள்ளுக்குள்ளே அவள் போன மறுநாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் காதுக்குக் கீழே ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ இருந்தால் பஸ்ஸின் முதல் நடையை வேறு ஆளிடம் விட்டுவிட்டு என்னோடு வந்து உட்கார்ந்திருப்பாய். "ஒண்ணும் இருக்காதுடா" என்றிருப்பாய். உனக்கும் தெரியாதுதான். ஆனால் சொல்லியிருப்பாய்.

வியாழக்கிழமை செல்வியைத்தான் கூட்டிப்போகிறேன் மச்சான். வாசலில் உட்கார வைக்கப் போவதில்லை. டாக்டர் என்ன சொன்னாலும் அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். அவளுக்குப் புரியாததை இந்தத் தடவை கௌசியிடம் தள்ளிவிட மாட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து, எவ்வளவு நேரமானாலும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, நானே சொல்லுவேன். அது பேசி முடிக்கும்வரை என் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். உனக்குச் சத்தியம் செய்கிறேன்.

உன்னோடு பிறக்காமல் உனக்குப் பின்னாலேயே பதினெட்டு வருஷம் நின்றவன்,
உன் மச்சான்
முருகையன்